பிதுக்கம்பருப்பில் தொடங்கும் தாவரவியல்

தை மாதத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் ஏறினாலும் இதைப் பார்க்கலாம். ஒரு குண்டானில் ஊறிய அவரைக்கொட்டை, சுற்றிலும் இரண்டு மூன்று பேர். கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஓர் அமுக்கு. தோல் விரலில் தங்கிவிடும், பருப்பு தட்டில் போய் விழும். பிதுக்கம்பருப்புக் குழம்புக்கும் ராகிக் களிக்கும் ஆகும் வரை ஊர்க்கதை ஓடும்.

போன வருஷம் என் அக்கா மகள் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "விதையுறை, விதையிலை, முளைவேர், முளைக்குருத்து" என்று கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்தாள். கை பாட்டுக்குப் பருப்பைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. அவள் சொன்ன நான்கும் அவள் விரலிலேயே இருந்தன. அவளுக்கு அது தெரியவில்லை. எனக்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மாணவரோ, புதிதாக நிலம் வாங்கியவரோ, மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவரோ, செடிகளை அடிப்படையிலிருந்து தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: முதலில் பிளந்து பாருங்கள், அப்புறம் பெயரைத் தேடுங்கள். எந்தச் செடியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் இதற்குள் எப்படிப் போகின்றன? இது எப்படிப் பிள்ளை பெறுகிறது? சித்திரை வெயிலை எப்படித் தாங்குகிறது? அமைப்பு, இனப்பெருக்கம், தகவமைப்பு என்று புத்தகம் சொல்வதெல்லாம் இந்த மூன்றுதான்.

தேவைப்படும் சாமான் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், புது பிளேடு, ஊசி, கோடு போடாத நோட்டு, பென்சில். செல் அளவுக்குப் பார்க்க ஆசை வந்தால் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, சுமார் 140 மடங்கு காட்டும். ஆரம்பத்தில் அது வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. எருக்கம்பால், கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, கண்வலிக்கிழங்கு எதையும் வாயில் வைக்காதீர்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம் செடி பார்க்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்ப வேண்டாம். அது யானை நடமாட்டம் உள்ள இடம், வனத்துறை அனுமதியும் வேண்டும். தோட்டத்து வேலியோரமே ஒரு வருஷத்துக்குப் போதும்.

முதல் படி: கொட்டையைப் பிதுக்குங்கள்

இருபது அவரைக்கொட்டையை இரவு ஊறப்போடுங்கள். காலையில் ஒன்றை எடுத்துப் பிதுக்குவதற்கு முன் வெளியே பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். காய்க்குள் கொட்டை ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது, நம் தொப்புள் மாதிரி. ஈரத்தைத் துடைத்துவிட்டு மெதுவாக அமுக்கினால் அந்தக் கோட்டின் முனைக்கருகே ஒரு பொட்டுத் தண்ணீர் கசியும். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை இருக்கிறது. விதைத்துளை என்று பெயர்.

இப்போது பிதுக்குங்கள். விரலில் தங்கியது விதையுறை. தட்டில் விழுந்த பருப்பின் ஓரத்தில் சின்ன மூக்கு மாதிரி வளைந்து நிற்பது முளைவேர். பருப்பை நகத்தால் இரண்டாகப் பிரித்தால், ஒரு பாதியில் அந்த மூக்கோடு சேர்ந்து, மடித்து வைத்த இரண்டு குட்டி இலை தெரியும். லென்ஸ் வைத்தால் நரம்புகூடத் தெரியும். அதுதான் முளைக்குருத்து. மிச்சம் உள்ள அந்தத் தடித்த இரண்டு பருப்பும் விதையிலைகள். குழந்தைக்கு அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அதைத்தான் நாம் குழம்பு வைக்கிறோம்.

மீதியை ஈரத்துணியில் சுற்றிவைத்து நாளுக்கு ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். எப்போதும் வேர்தான் முதலில் வெளியே வரும். தலைகீழாக வைத்தாலும் அது வளைந்து கீழேதான் போகும்.

இதே நேரத்தில் ஒரு தொட்டியில் அவரை ஐந்து, துவரை ஐந்து ஊன்றிவிடுங்கள். அவரை தன் பருப்பு இரண்டையும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். துவரை பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் அனுப்பும். ஆட்டுக்குட்டி வந்து தலையைக் கடித்துவிட்டால் துவரைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, மண்ணுக்குள் இருக்கும் மொட்டு திரும்பத் துளிர்க்கலாம். அவரை விதையிலைக்குக் கீழே கடிபட்டால் கதை முடிந்தது.

அடுத்து ஊறிய மக்காச்சோளம் ஒன்றை நீளவாக்கில் பிளேடால் பிளந்து பாருங்கள். இரண்டு பருப்பாகப் பிரியாது. ஒரு பக்கம் வெள்ளையாகக் கேடயம் மாதிரி கரு, மற்றதெல்லாம் மாவு. ராகி, சாமை, நெல், கரும்பு, பனை, தென்னை எல்லாம் இந்தக் கட்சி, ஒருவித்திலை. அவரை, மா, புளி, தக்காளி, வேம்பு இருவித்திலை. இந்த ஒரு பிரிவு மனசில் நின்றுவிட்டால் வேர், தண்டு, இலை, பூ எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப உதவும்.

இரண்டாம் படி: வேரைக் கழுவுங்கள்

மழை பெய்த மறுநாள் வயலுக்குப் போய் ஒரு கீரைத்தண்டையும் ஒரு ராகி நாற்றையும் பிடுங்குங்கள். கீரையில் நடுவே ஒரே ஆணிவேர், பக்கத்தில் கிளைகள். ராகியில் எது பெரிய வேர் என்றே சொல்ல முடியாது, கொத்தாகச் சல்லிவேர்.

ஆனால் தண்ணீரைக் குடிப்பது இந்தத் தடித்த வேர்கள் இல்லை. வீட்டில் மாவுக்காக ராகி முளைக்கட்டும்போது இரண்டாம் நாள் முளையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வரும். பூசணம் பிடித்துவிட்டது என்று சிலர் முழுசாகக் கொட்டிவிடுவார்கள். அது பெரும்பாலும் வேர்த்தூவி. தண்ணீரில் நனைத்தால் படிந்து மறையும், நாற்றம் இருக்காது, முளைவேரைச் சுற்றி மட்டும்தான் இருக்கும். பூசணம் என்றால் கொட்டை மேலெல்லாம் ஏறும், மக்கல் வாடை அடிக்கும், அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். அந்தத் தூவிகள் ஒவ்வொன்றும் ஒற்றைச் செல். மண்துகளுக்கு நடுவே புகுந்து ஈரத்தை உறிஞ்சுவது அவைதான். நாற்றைப் பிடுங்கும்போது அறுந்துபோவதும் அவைதான். நட்ட நாற்று ஒரு நாள் தலை தொங்குவதற்குக் காரணம் புரிகிறதா? மாலையில் நடுவதும் வேர் மண்ணோடு எடுப்பதும் இதற்காகத்தான்.

பாலக்கோடு பக்கம் தக்காளி நடுகிறவர்கள் நாற்றைக் கொஞ்சம் ஆழமாக இறக்குவதைக் கவனியுங்கள். தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடத்தில் புது வேர் விடும். எல்லாச் செடியும் அப்படிச் செய்யாது, மாங்கன்றை அப்படிப் புதைத்தால் அழுகிவிடும்.

கொள்ளுச் செடி ஒன்றை, விதைத்து நாற்பது நாளில், பிடுங்காமல் மண்வெட்டியால் பெயர்த்து எடுங்கள். வேரில் கடுகு கடுகாக முடிச்சு. பிளேடால் ஒன்றை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் வீடு அது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள்தான் அந்தச் சிவப்பைத் தருகிறது. சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் வேலை முடிந்தது. ராகிக் காட்டில் அவரையும் துவரையும் சால் போட்டு விதைத்த பெரியவர்களுக்கு பாக்டீரியா தெரியாது, பலன் தெரியும்.

மூன்றாம் படி: தண்டு, அப்புறம் என் கட்டுக்கம்பிக் கதை

தண்டுக்குள் இரண்டு வகைக் குழாய். சைலம் வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். புளோயம் இலையில் சமைத்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொண்டுபோகும். இதை நான் புத்தகத்தில் படித்தபோது ஒன்றும் ஏறவில்லை. ஒரு மாங்கன்றைக் கொன்றபோதுதான் ஏறியது.

காற்றுக்குச் சாயாமல் இருக்க மூன்று வயசுக் கன்றுக்கு முட்டுக்குச்சி வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டினேன். சணல் கயிறு வாங்கச் சோம்பல். அவிழ்க்க மறந்துவிட்டேன். அடுத்த வருஷம் பார்த்தால் கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. கம்பிக்கு மேலே தண்டு உருண்டையாக வீங்கியிருந்தது, கீழே பழைய பருமனே. இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது, துளிரும் விட்டது. ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அதற்கடுத்த கோடையில் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து போய்விட்டது.

நடந்தது இதுதான். புளோயம் பட்டையை ஒட்டி வெளிப்பக்கம் இருக்கிறது, சைலம் உள்ளே கட்டையில் இருக்கிறது. கம்பி பட்டையை நெரித்தது, கட்டையைத் தொடவில்லை. அதனால் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருந்தது, இலை வாடவில்லை. சர்க்கரை மட்டும் கீழே இறங்க முடியாமல் கம்பிக்கு மேல் தேங்கி அங்கே வீங்கியது. வேர் பட்டினி. பட்டினி கிடந்த வேர் எத்தனை நாள் தண்ணீர் ஏற்றும்? மரத்துக்கு உடனே தெரியாமல் சாவு வருவது இப்படித்தான். துணி காயப்போட முருங்கையில் கம்பி கட்டியிருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

சைலத்தைக் கண்ணால் பார்க்க, வெள்ளைச் சாமந்தி ஒன்றைக் காம்போடு சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தி மறுநாள் பாருங்கள். ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்குச் சாமந்திக்குப் பஞ்சமில்லை. இதழ் ஓரம் சிவக்கும். காம்பைக் குறுக்கே வெட்டினால் சிவப்புப் புள்ளிகள் வட்டமாக அடுக்கியிருக்கும். மக்காச்சோளத் தண்டை வெட்டினால் அதே புள்ளிகள் கண்டபடி சிதறியிருக்கும். இருவித்திலை, ஒருவித்திலை என்று முதலில் பார்த்த அதே பிரிவு.

இருவித்திலைத் தண்டில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்று மெல்லிய ஓர் அடுக்கு உண்டு. ஓயாமல் புது செல் போட்டுக்கொண்டே இருக்கும் இடம். ஒட்டுக்கட்டுவது முழுக்க இதை நம்பித்தான். போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் நர்சரிகளில் ஆள் உட்கார்ந்து ஒட்டுக்கட்டுவதை ஒரு தடவையாவது நின்று பாருங்கள். கொட்டையில் முளைத்த நாட்டு மாங்கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, பெங்களூராவோ செந்தூராவோ நல்ல மா ரகத்தின் குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். குச்சியின் பருமனும் கன்றின் பருமனும் ஒன்றாக இருக்கத் தேடுவது அழகுக்காக இல்லை, கேம்பியத்தோடு கேம்பியம் தொட வேண்டும். தென்னைக்கும் பனைக்கும் யாரும் ஒட்டுக்கட்டாததற்குக் காரணமும் இதுதான். அவற்றில் அந்த அடுக்கே கிடையாது.

ஒட்டுக்கன்று வாங்கி வைத்தவர்கள், ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். அது நாட்டு மரத்தின் துளிர். விட்டுவைத்தால் சில வருஷத்தில் "பெங்களூரா என்று கொடுத்து ஏமாற்றிவிட்டான்" என்று நர்சரிக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நான்காம் படி: இலையை எண்ணுங்கள்

இது சுலபம். கறிவேப்பிலை ஓர் இணுக்கில் எத்தனை இலை? ஒன்று. நாம் ஒவ்வொன்றாக உருவிப் போடுவதெல்லாம் சிற்றிலைகள். கண்டுபிடிக்க ஒரு வழி: இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. இதே கணக்கில் வேப்பங்கொத்தின் ஓர் ஈர்க்கு ஓர் இலை. முருங்கையில் நீங்கள் கீரை உருவுகிற அந்த முழுக் கிளையுமே ஒரே இலைதான்.

இலையின் அடிப்பக்கம் இலைத்துளைகள். அவற்றின் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே போகிறது, தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. ஒரு பிளாஸ்டிக் பையை வெயிலில் நிற்கும் கொய்யாக் கிளையில் கட்டி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். சாப்பாடு வேண்டுமென்றால் துளையைத் திறக்க வேண்டும், திறந்தால் தண்ணீர் போகும். செடியின் வாழ்க்கையில் பாதிப் பாடு இந்தக் கணக்கை நேர் செய்வதுதான். கடைசிப் படியில் இது திரும்ப வரும், நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: பரங்கிப் பூவுக்குக் காலை ஆறு மணிக்குப் போங்கள்

பூவைப் படிக்கச் செம்பருத்தியை எடு என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். என் அபிப்பிராயம் வேறு. நம் வீட்டுச் செம்பருத்தி காய் காய்ப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பூ எதற்காக இருக்கிறது என்பதே தெரியாமல் பூவைப் படித்து என்ன பயன்? சாமந்தி, சூரியகாந்தி பக்கமும் போகாதீர்கள், அது ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் ஒரே தட்டில். ஓசூர் ரோஜாவும் ஆரம்பத்துக்கு ஆகாது. அந்த அடுக்கிதழ்களில் நிறைய, மகரந்தத்தாளாக இருக்க வேண்டியவை இதழாக மாறியவை.

பரங்கிக்கொடிதான் நல்ல வாத்தியார். வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும், பத்து மணிக்குப் பூ சுருங்கிவிடும். ஒல்லியான நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ. நடுவில் தூண் மாதிரி ஒன்று, தொட்டால் விரலில் மஞ்சள் பொடி, அதுதான் மகரந்தம். பெண் பூவைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டாம். பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் குட்டிப் பரங்கிக்காய் உட்கார்ந்திருக்கும். அதுதான் சூல்பை. மேலே மூன்றாகப் பிளந்து பிசுபிசுவென்று நிற்பது சூல்முடி.

ஒரு சோதனை. நாளை காலை மலரப்போகும் பெண் மொட்டு இரண்டைத் தேடி, முதல் நாள் மாலையே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். காலையில் ஒன்றை மட்டும் திறந்து, ஒரு ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, அந்தத் தூணைச் சூல்முடியில் நன்றாகத் தடவி, மறுபடி மூடிவிடுங்கள். இன்னொன்றைத் தொடவே வேண்டாம். ஒரு வாரத்தில் தொடாதது மஞ்சளாகிச் சுருங்கி விழும். தடவியது பருக்கும். தேனீ வராத தெருவில் "பூவெல்லாம் உதிர்கிறது, பிஞ்சு நிற்கவில்லை" என்று உரக்கடைக்கு ஓடுகிறவர்களுக்கு இந்தத் தடவல்தான் மருந்து.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். சூல்முடியில் விழுந்த மகரந்தத்தூள் அங்கேயே முளைத்து ஒரு குழாயைச் சூல்பை வரைக்கும் இறக்குகிறது. அதன் வழியே இரண்டு ஆண் செல் போகும். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும். இன்னொன்று வேறு இடத்தில் சேர்ந்து கருவுக்கான சாப்பாட்டை உண்டாக்கும், முளைசூழ்தசை. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் ரஷ்யாவின் நவாஷின் கண்டுபிடித்தார். முன்பு மக்காச்சோளத்தில் பார்த்த மாவு அதுதான். இளநீரும் அதுதான். அவரையில் அந்தச் சாப்பாட்டைக் கரு முன்கூட்டியே தின்று விதையிலையில் சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான் பிதுக்கும்போது பருப்பு மட்டும் வருகிறது.

பரங்கி பழகிய பின் மாம்பூவுக்கு வாருங்கள். தை, மாசியில் காவேரிப்பட்டணம் பக்கம் தோப்புக்குள் நின்றால் அந்த வாசனையே ஒரு மாதிரி கிறங்கடிக்கும். ஒரு கொத்தை லென்ஸில் பார்த்தால் ஆண் பூவும் இருபால் பூவும் கலந்து கிடக்கும். நடுவில் பச்சையாக உருண்டை இருந்தால் இருபால், இல்லாவிட்டால் ஆண். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் பூ. பழமாக நிற்பது ஒன்றோ இரண்டோ. பூ கொட்டுவதைப் பார்த்துப் பதறாதீர்கள், கொட்டத்தான் செய்யும். ஆனால் கொத்தில் மொய்க்கும் ஈக்களை விரட்டாதீர்கள். மாவுக்கு மகரந்தம் சுமப்பதில் பெரிய பங்கு ஈக்களுடையது. நன்றாகப் பூத்து நிற்கும்போது தத்துப்பூச்சிக்கென்று கண்மூடித்தனமாக மருந்தடித்தால் ஈயும் சேர்ந்து போகும்.

பப்பாளி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு நர்சரியில் ஆறு கன்று வாங்கி வைத்தேன், நான்கு ஆண். நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கியதே தவிர ஒரு காய் இல்லை. பனை மாதிரி பப்பாளியிலும் ஆண் வேறு, பெண் வேறு, பூக்கும் வரை தெரியாது. நாட்டு ரகம் என்றால் குழிக்கு இரண்டு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு ஆணைப் பிடுங்குங்கள். இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் போதும்.

அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி வருஷா வருஷம் பூக்கத்தான் செய்கிறது, உள்பக்கமாகப் பூக்கிறது. இளம் அத்திக்காயைப் பிளந்து பாருங்கள், உட்சுவர் முழுக்கப் பூக்கள், நடுவில் குட்டிக் குளவிகள் ஓடும்.

ஆறாம் படி: விதையில்லாமல்

கரும்புக் கரணை, மஞ்சள் கிழங்கு, பட்டுப்புழுவுக்காக நடும் மல்பெரிக் குச்சி, ரணகள்ளியின் இலை ஓரத்தில் வரும் குட்டிகள். இதெல்லாம் தாயின் அச்சு அசல் நகல். மாவில் ஒட்டுக்கட்டுவதும் இதே காரணத்துக்குத்தான். நல்ல பழத்தின் கொட்டையை ஊன்றினால் அதில் அப்பன் யாரோ, பழம் எப்படியோ. நகலுக்கு ஒரு குறை உண்டு: எல்லாம் ஒரே மாதிரி என்பதால் ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

ஏழாம் படி: பங்குனியில் ஒரு நடை

மழைக்காலத்தில் எல்லாச் செடியும் கெட்டிக்காரச் செடிதான். பங்குனி, சித்திரையில் தொப்பூர்க் கணவாய்ப் பக்கம் கரட்டோரம் நடந்தால்தான் யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தெரியும்.

கிளுவை வேலி மொட்டையாக நிற்கும். செத்ததா என்று கேட்டால், பட்டை காகிதம் மாதிரி உரியும் வகை கிளுவையில் நகத்தால் ஒரு கீற்று உரித்துப் பாருங்கள். அடியில் பச்சை. இலையைக் கொட்டிவிட்டு, தண்ணீர் இழப்பை நிறுத்திவிட்டு, தண்டிலேயே கொஞ்சம் சமைத்துக்கொள்கிறது. பக்கத்தில் வேம்பும் புங்கும் நேர்மாறு. மழையே இல்லாத பங்குனியில் புதுத் துளிர் விட்டுத் தளதளவென்று நிற்கும், அவற்றின் வேர் அவ்வளவு ஆழம். எருக்கு இலையைத் தடவினால் மாவு பூசியது போல் வெளுப்பு ஒட்டும், வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சு அது. நெருஞ்சியைத் தேடினால் காய்ந்த முள்தான் காலில் ஏறும். அது மழைக்கு முளைத்து, பூத்து, விதையைக் கொட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கும். வறட்சியை அது விதைக்குள் தூங்கியே கழிக்கிறது.

சதுரக்கள்ளியையும் சப்பாத்திக்கள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் தடித்த பச்சைத் தண்டு, இரண்டும் முள். சொந்தக்காரர்கள் என்று நினைப்போம். சதுரக்கள்ளி இந்த மண்ணுக்காரன், ஆமணக்கின் குடும்பம், கீறினால் பால் வரும். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது, பால் கிடையாது. வெவ்வேறு குடும்பம், வெவ்வேறு கண்டம், ஒரே வெயில், ஒரே விடை. சப்பாத்திக்கள்ளியில் அந்தச் சப்பாத்தி இலை இல்லை, தண்டு. பூவும் அடுத்த சப்பாத்தியும் அதன் மேலேயே முளைப்பதைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள்.

இலைத்துளைக் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னேனே. சப்பாத்திக்கள்ளியும் ரணகள்ளியும் அதைத் திருடன் மாதிரி தீர்த்துக்கொள்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு, குளிர்ந்த ராத்திரியில் திறந்து, கரியமில வாயுவைப் புளிப்பு அமிலமாக மாற்றிப் பதுக்கிவைக்கும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அதை எடுத்துச் சமைக்கும். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று ஆகிவிடுகிறது என்று 1813-இலேயே எழுதியவர் பெஞ்சமின் ஹெய்ன். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர், ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூரில் இருக்கும் லால்பாக் தோட்டமும் சில காலம் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் மாதிரி மென்று பார்க்க வேண்டாம், அந்த இலையில் நச்சு உண்டு. விடிகாலையில் ஓர் இலை, மாலையில் ஓர் இலை கசக்கி, புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறும் பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறுவது தெரியும்.

ராகிக்கு வேறு வழி. ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்த பயிர் அது. கரியமில வாயுவை இலைக்குள் ஓரிடத்தில் செறிவாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு உண்டு. அதனால் துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும், நெல்லைவிடக் குறைந்த தண்ணீரில் அதே அளவு சமைத்துவிடும். ஆண்டு மழை 800, 900 மில்லிமீட்டர் பெய்யும் செம்மண் மேட்டில் நம் பாட்டன்மார் களிக்கு ராகியைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

திரும்பும் வழியில் மாந்தோப்பில் அண்ணாந்து பாருங்கள். மா இலைக்கு நடுவே வேறு இலை, குழல் குழலாகப் பூ. அதுதான் புல்லுருவி. சின்னஞ்சிறு பறவை ஒன்று அதன் பழத்தைத் தின்று, பசை மாதிரி ஒட்டும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை முளைத்து வேரைப் பட்டைக்குள் இறக்கி, மாமரத்தின் சைலத்தில் வாய் வைக்கும். தண்ணீரைத் திருடுகிறது, சமையலைத் தானே செய்துகொள்கிறது, அதனால் அது பாதி ஒட்டுண்ணி. இலையை மட்டும் உருவிப்போட்டால் திரும்ப வரும். ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஓர் அடி கீழே, மரத்தின் கிளையோடு சேர்த்து வெட்ட வேண்டும், அது பழுப்பதற்கு முன்னால்.

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு நாள், இரண்டு வரி எழுதுங்கள். எப்போது இலை கொட்டியது, எந்தத் தேதியில் முதல் பூ, யார் வந்து மொய்த்தார்கள், எத்தனை பிஞ்சு நின்றது. என் அக்கா மகள் அவள் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தை எடுத்திருக்கிறாள். ராத்திரி அதன் சிற்றிலைகள் கூம்பிக்கொள்வதை எழுதிவிட்டு, அது மறுபடி விரிவதை எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று கேட்டு நேற்று போன் செய்தாள். ஐந்தரைக்கே எழுந்து போய் நில் என்றேன்.